மருந்துச் சீட்டும் அடகுச் சீட்டும்

கடனுள்ள வீட்டின் மாதக் கணக்கு: ஒரு பாடம்

எங்கள் சமூகப்பணிப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலரின் கையில் ஒரு நெகிழிப் பை இருக்கும். வீடு திரும்பும்போது அளிக்கப்பட்ட டிஸ்சார்ஜ் அறிக்கை, பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டு ஆகியன அதனுள் இருக்கும். அவற்றின் நடுவே, நான்காக மடித்த நிலையில், நகை அடகு வைத்த சீட்டும் இருக்கும். நோயும் கடனும் ஒரே பையில் வீட்டுக்குச் செல்கின்றன. நோயைப் பற்றி மருத்துவர் விளக்குகிறார். செவிலியர் மீண்டும் சொல்லி அனுப்புகிறார். கடனைப் பற்றிப் பேசுவதற்குத்தான் ஒருவரும் இல்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

வீட்டுக் கணக்கைப் பற்றி மருத்துவமனை ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். காரணம் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு வருபவரின் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டீர்களா என்று கேட்டால், முதலில் ஆம் என்பார். சற்றுப் பொறுத்து, உடன் வந்தவர் தலை குனிந்தபடி உண்மையைச் சொல்வார்: தவணை கட்ட வேண்டியிருந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ள நேர்ந்தது என்று.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் அறியாமையன்று. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். வீட்டு உரிமையாளர் வந்து கேட்பார். குழுக் கடன் என்றால் உடன் இருக்கும் பெண்களே வந்து கேட்பர். மாத்திரை மட்டும் வந்து கேட்பதில்லை. கேட்பவருக்குப் பணம் போய்ச் சேர்கிறது; கேட்காதது குறைகிறது. எழுதாத கணக்கில் எப்போதும் நடப்பது இதுவே. ஆகவே, கேட்காதவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தருவதற்காகத்தான் மாதக் கணக்கை எழுத வேண்டும் என்கிறோம்.

இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினால், அந்த ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு ஏற்படக்கூடும். இரத்த அழுத்த மாத்திரையை விட்டவருக்குப் பல நாள்கள் எந்தத் தொல்லையும் தெரியாமல் இருக்கலாம். சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது. மாத்திரையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், மீண்டும் ஒருமுறை மருத்துவமனையில் சேர நேர்ந்தால் பல ஆயிரமாகத் திரும்பி வரும். அப்போது வாங்கும் கடன் பழைய கடனின் மேல் ஏறி அமரும்.

முதற்படி: கடன்களை ஒரே தாளில் எழுதுதல்

கடன் ஒவ்வொன்றும் தனித்தனியே மனத்தில் இருக்கும்வரை அச்சமே மிகும். ஒரு தாளில் வரிசையாக எழுதியவுடன் அது கணக்காகிவிடும். ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்வோம்: யாரிடம் வாங்கியது, இன்று நிற்கும் அசல், வட்டி விகிதம், மாதந்தோறும் செலுத்தும் தொகை, ஈடாக வைத்த பொருள். மளிகைக் கடைப் பாக்கி, உறவினரிடம் வாங்கிய கைமாற்று, எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணைகள் ஆகியனவும் கடனே. வெட்கம் கருதி அவற்றை விட்டுவிடலாகாது.

வட்டியை எழுதும்போது ஒரு பொது அளவு தேவை. நம் ஊர்களில் 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்று சொல்வது வழக்கம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்பது அதன் பொருள். வங்கியோ ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று சொல்லும். இரண்டையும் ஒப்பிட, மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். ஒரு வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு; மூன்று வட்டி 36 விழுக்காடு; ஐந்து வட்டி 60 விழுக்காடு. 'ஐந்துதானே' என்று காதுக்குச் சிறிதாகக் கேட்பது, வங்கி நகைக் கடனைவிடப் பன்மடங்கு பெரிது.

தண்டல் கடனில் வட்டி இன்னும் மறைந்திருக்கும். 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்கள் திருப்பிச் செலுத்த வேண்டும். பார்வைக்கு இது 15 விழுக்காடு போலத் தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் நிற்பது 8,500இல் ஏறத்தாழப் பாதியே. அப்பாதித் தொகைக்கு, மூன்று மாதம் பத்து நாளில், 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது நூறு விழுக்காட்டையும் தாண்டிவிடும்.

இரண்டாம் படி: வரவும் செலவும்

வரவை எழுதும்போது உறுதியாக வருவதை மட்டுமே எழுத வேண்டும். மிகுதிநேர வேலை கிடைக்கலாம், ஊரிலிருந்து பணம் வரலாம் என்பன போன்ற எதிர்பார்ப்புகள் வரவாகா. நோய்க்கு முன் வந்த சம்பளமும் இன்றைய வரவன்று.

செலவில் பலர் மறப்பது, மாதந்தோறும் வராத செலவுகளை. மின் கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. அதில் பாதியை ஒவ்வொரு மாதமும் எழுத வேண்டும். மறுபரிசோதனை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்றால், பரிசோதனைக் கட்டணத்தையும் பயணச் செலவையும் மூன்றால் வகுத்து எழுத வேண்டும். 28 நாள்களுக்கு ஒருமுறை கைபேசிக்குப் பணம் செலுத்துவோர், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை செலுத்துகின்றனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கைக் காண்போம். இது எந்தவொரு குடும்பத்தின் கணக்குமன்று. எங்களிடம் வரும் பல குடும்பங்களின் நிலையைக் கருதி நாங்களே அமைத்தது. கணவர் சுமை வண்டி ஓட்டியவர். ஸ்டென்ட் பொருத்திய பின் ஒரு கடையில் இலேசான வேலை பார்க்கிறார். மனைவி ஆயத்த ஆடை நிறுவனத்தில் தைக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கின்றனர்.

மாத வரவு: கணவர் 7,500 ரூபாய், மனைவி 9,500, மகளிர் உரிமைத் தொகை 1,000. மொத்தம் 18,000 ரூபாய்.

மாதச் செலவு:
வீட்டு வாடகை – 4,000
மளிகை, காய்கறி, பால் – 5,200
சமையல் எரிவாயு – 600
மின்சாரம் – 350
மருந்து – 1,400
மறுபரிசோதனைக்கு ஒதுக்கீடு – 400
பிள்ளைகளின் படிப்பு – 900
வேலைக்குச் சென்றுவரும் செலவு – 800
கைபேசி – 350
சில்லறைச் செலவு – 400
மொத்தம் – 14,400 ரூபாய்

கடன்கள்:
வங்கி நகைக் கடன் – அசல் 60,000. ஆண்டு வட்டி 10 விழுக்காடு. மாத வட்டி 500
நுண்கடன் நிறுவனத்தின் குழுக் கடன் – நிற்கும் அசல் 30,000. ஆண்டு வட்டி 24 விழுக்காடு. மாதத் தவணை 2,400
தனியாரிடம் ஐந்து வட்டிக் கடன் – அசல் 20,000. மாத வட்டி 1,000
மைத்துனரிடம் கைமாற்று – 25,000; வட்டியில்லை
மளிகைக் கடைப் பாக்கி – 3,000
மொத்த அசல் – 1,38,000 ரூபாய்

மாதந்தோறும் கடனுக்குச் செல்வது 3,900 ரூபாய். செலவையும் சேர்த்தால் 18,300. வரவோ 18,000. பற்றாக்குறை 300 ரூபாய்தான். ஆனால் அந்த 300 ரூபாய் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வாடகையைக் குறைக்க இயலாது. தவணையைக் குறைக்க இயலாது. 1,400 ரூபாய் மருந்தில் சில அட்டைகளைக் குறைத்து வாங்குவது மட்டும் எவருக்கும் தெரியாமல் நடந்துவிடும்.

மூன்றாம் படி: வரிசையை மாற்றுதல்

சம்பளம் வந்த நாளில் யாருக்கு முதலில் கொடுக்கிறோம் என்பதே கணக்கின் உயிர்நாடி. நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் உயிர் காப்பவை: மருந்து, உணவு, குடியிருக்கும் வீடு, மின்சாரம். அடுத்து வருவாயைக் காப்பவை: வேலைக்குச் செல்லும் செலவு, கைபேசி. மூன்றாவதாகக் கடன் தவணைகள். எஞ்சியவை அதன் பின்னரே.

கடனைக் கட்ட வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கடனை அடைக்கப் போகிறவர் உழைக்கும் மனிதர். அவர் உடல் நலமாக இருந்தால்தான் கடன் அடையும். ஆகவே சம்பள நாளன்றே அம்மாதம் முழுமைக்குமான மாத்திரைகளை வாங்கி வைத்துவிட வேண்டும். பணமாக வைத்திருந்தால் வேறு யாரேனும் கேட்டு வாங்கிச் சென்றுவிடுவர். மாத்திரையாக மாறிய பணத்தை எவரும் கேட்பதில்லை.

மருந்தை விடாமலேயே மருந்துச் செலவைக் குறைக்க வழிகள் உள்ளன. மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதித் தருமாறு கேட்கலாம். அப்பெயரில் மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்கு மருந்து கிடைக்கும். தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இதே நோக்கத்திற்காக அமைந்தவை. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவை வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. எனினும் மருந்தை மாற்றும் முன்னர் புதிய அட்டையை ஒருமுறை உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுவது கட்டாயம். பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இருமுறை உட்கொள்ளும் தவறு நேர்ந்துவிடலாகாது.

நம் மாதிரிக் குடும்பம் இவ்வழிகளால் மருந்துச் செலவை 1,400 ரூபாயிலிருந்து 700 ரூபாயாகக் குறைத்தது என்று கொள்வோம். மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை.

நான்காம் படி: எக்கடனை முதலில் தொடுவது

ஐந்து வட்டிக் கடனுக்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி கட்டினால், 20 மாதங்களில் 20,000 ரூபாய் கட்டி முடித்திருப்போம். அசல் 20,000 அப்படியே நிற்கும். ஆகவே மிகுந்த வட்டியுள்ள கடனையே முதலில் முடிக்க வேண்டும்.

வீட்டில் எஞ்சியுள்ள ஒரு சங்கிலியை வங்கியில் வைத்து, 10 விழுக்காட்டு வட்டிக்கு 20,000 ரூபாய் பெற்று இக்கடனை முடித்தால், மாத வட்டி 1,000 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 170 ரூபாயாகக் குறையும். கடனை வாங்கிக் கடனை அடைப்பது பொதுவாகத் தீங்கு. மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே அது நன்மையாகும். புதிய வட்டி பழையதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். பழைய கடன் அதே நாளில் முற்றிலும் தீர்க்கப்பட்டு, எழுதிக் கொடுத்த புரோநோட்டு கைக்குத் திரும்பி வர வேண்டும். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கலாகாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் கடன் ஒன்று இரண்டாகிவிடும்.

இப்போது கணக்கை மீண்டும் கூட்டுவோம். குடும்பச் செலவு 13,700. கடனுக்கு 2,400, 500, 170 என 3,070. மொத்தம் 16,770 ரூபாய். பற்றாக்குறை 300 நீங்கி, 1,230 ரூபாய் மிஞ்சுகிறது. வருமானம் ஒரு ரூபாயும் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த 1,230 ரூபாயில் 230 ரூபாயைத் தனி உறையில் இடுவோம். பள்ளி திறக்கும் மாதத்திற்கும் பண்டிகைக்கும் அது உதவும். எஞ்சிய 1,000 ரூபாய் முதல் மூன்று மாதங்களில் மளிகைப் பாக்கியைத் தீர்க்கும். பாக்கி இல்லாத வீடே விலை கேட்டு, கடை பார்த்து வாங்க இயலும். நான்காம் மாதம் முதல் அந்த 1,000 ரூபாயைக் குழுக் கடனில் கூடுதலாகச் செலுத்தலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகளின்படி, நுண்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிக்கக் கூடாது. தவணையை மட்டும் கட்டினால் ஏறத்தாழ 15 மாதங்கள் நீளும் கடன், இவ்வாறு 11 மாதங்களில் முடிந்துவிடும்.

குழுக் கடன் முடிந்ததும், அதற்குச் சென்ற 3,400 ரூபாயைச் செலவுக்கு விட்டுவிடாமல் நகைக் கடனுக்குத் திருப்ப வேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். வட்டிக்கு ஏற்கெனவே செலுத்தும் தொகையோடு சேர்த்து மாதம் 4,070 ரூபாய் சென்றால், 80,000 ரூபாய் நகைக் கடன் 22 மாதங்களில் தீரும். அதன்பின் ஏழு மாதங்களில் மைத்துனரின் கைமாற்றும் தீரும். மொத்தம் ஏறத்தாழ 40 மாதங்கள். நெடுங்காலம்தான். ஆனால் முடிவு தெரிந்த நெடுங்காலம்.

நகைக் கடனுக்குத் தவணைத் தேதி உண்டு என்பதை மறக்கலாகாது. அத்தேதிக்கு முன் வங்கிக்குச் சென்று, வட்டியைச் செலுத்திப் புதுப்பிக்க இயலுமா, அசலைச் சிறுசிறு தொகையாகச் செலுத்த இயலுமா என்று கேட்க வேண்டும். கவனியாது விட்டால் நகை ஏலத்திற்குச் சென்றுவிடும். மைத்துனருக்கோ வட்டியில்லை; ஆயினும் அவருக்கும் ஒரு சொல் கடன்பட்டிருக்கிறோம். 'இன்ன மாதத்தில் தொடங்கித் தருகிறோம்' என்று இன்றே சொல்லிவிட்டால் உறவு கெடாது. பணம் தாமதமாவதைக் காட்டிலும், முகம் கொடுக்காமல் விலகுவதே உறவை முறிக்கிறது.

ஐந்தாம் படி: தவணை தவறும் முன் பேசுதல்

கட்ட இயலாது என்று தெரிந்தால், தேதி வருவதற்கு முன்னரே கடன் கொடுத்த நிறுவனத்திற்குச் செல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அறிக்கையின் நகலையும், இன்றைய வருமானத்தைக் காட்டும் தாளையும் இணைத்து, தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு எழுத்து மூலம் கேட்கலாம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பம் வாங்கிக்கொள்வது நன்று. நிறுவனம் இசையலாம், இசையாமலும் போகலாம். ஆனால் கேட்டதற்குச் சான்று இருக்கும்.

சில உரிமைகளையும் அறிந்திருப்போம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்திற்கு ஈடின்றி வழங்கப்படும் கடனே ரிசர்வ் வங்கி விதிகளில் நுண்கடன் எனப்படுகிறது. அதை வழங்கும்போது, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. அக்கடனை வசூலிக்கக் காலை 9 மணிக்கு முன்னரும் மாலை 6 மணிக்குப் பின்னரும் அழைப்பதும், இழிசொல் பேசுவதும், உறவினரைத் தொல்லைப்படுத்துவதும் அவ்விதிகளுக்கு மாறானவை. நிறுவனத்திடம் புகார் அளித்து 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் அறிய 14448 என்ற எண் உள்ளது.

தமிழகத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. வற்புறுத்தலுக்கு உள்ளானவர் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிடலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு இல்லை. அழைக்க வேண்டிய எண் 15100.

எத்தகைய நெருக்கடியிலும் செய்யலாகாதவை நான்கு: நிரப்பாத காசோலையிலோ புரோநோட்டிலோ கையொப்பமிடுதல், ஒரு குழுவின் தவணைக்காக மற்றொரு குழுவில் கடன் வாங்குதல், கைபேசிச் செயலியில் சில நொடிகளில் கிடைக்கும் கடனை நாடுதல், ஏ.டி.எம். அட்டையையோ குடும்ப அட்டையையோ அடகாகக் கொடுத்தல்.

புதிய செலவைத் தடுக்கவும் ஒரு வழி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் இதற்குத் தேவை. நோய் வந்தபின் அலைவதைவிட, நலமாக இருக்கும்போதே அட்டையைப் பெற்று வைப்பது அறிவுடைமை.

நோயுற்றவரையும் உடன் அமர்த்துவோம்

கடனைப் பற்றி நோயாளியிடம் சொல்லலாகாது என்று பல குடும்பங்கள் மறைக்கின்றன. நோயாளியோ 'என்னால்தானே இவ்வளவும்' என்று மருகி, எவருக்கும் தெரியாமல் மாத்திரையை விடுகிறார். இருவர் மறைப்பதும் அன்பினால்தான். இழப்பு மட்டும் இருவருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அரைமணி நேரம், அனைவரும் அமர்ந்து தாளைப் பார்க்க வேண்டும். கணக்கை எழுதும் பணியை நோயுற்றவரிடமே ஒப்படைப்பது நன்று. வருவாய் குறைந்தவருக்கு வீட்டில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அந்தப் பேனா உணர்த்தும்.

கடனின் பாரத்தால் வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எவருக்கேனும் எழுமாயின், அதை உடனே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ பேசலாம். கடனுக்குத் தவணை உண்டு, நீட்டிப்பு உண்டு, சமரசம் உண்டு. உயிருக்கு அவை இல்லை.

இம்மாதப் பயிற்சி

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இவற்றுக்கு விடை எழுதுவோம். 

1. நம் கடன்களில் ஆண்டு வட்டி மிகுந்தது எது? 
2. மாதந்தோறும் வராத செலவுகள் எவை. அவற்றின் மாதப் பங்கு எவ்வளவு? 
3. சென்ற மாதம் எத்தனை நாள் மாத்திரை தவறியது, பணக்குறை காரணமா? 
4. அடுத்த தவணைத் தேதிக்கு முன் யாரிடம் பேச வேண்டும்?

அத்தாளை மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். மூன்றாம் வினாவுக்கு எழுதிய விடையை மருத்துவரிடம் ஒளியாமல் காட்டுங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார். ஏனைய மூன்றையும் எங்கள் பிரிவில் உங்களோடு அமர்ந்து பார்க்க நாங்கள் இருக்கிறோம்.